பிள்ளைகளின் மார்க்கும் அப்பாக்களின் மிட்டாயும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். என்ன தலைப்பு என்று கேட்டேன். "உங்க அனுபவம்தான் சார்" என்றார் செயலாளர். 34 வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு என்ன பெரிய அனுபவம்? யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் என்னிடம் கொடுத்தது பஞ்சிங் கார்டை மட்டும் இல்லை. வீட்டையே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் நைனாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க நைனா துறைமுகத்தில் கேங் வேலை பார்த்தவர். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியது என்று இருந்த தொழில் அது. 1948-ல் துறைமுகத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்து, அதன்பிறகு போர்டு அமைத்து, பெயரைப் பதிவு செய்து முறை வைத்து வேலை கொடுத்தார்கள். அந்த முறை வந்ததால்தான் நான் ஸ்கூலுக்குப் போனேன் என்று நைனா சொல்லுவார். கோதுமைக் கப்பல் என்றால் தலையெல்லாம் தவிட்டு நிறம், உரக் கப்பல் என்றால் கண்ணெல்லாம் சிவப்பு. ராயபுரத்தில் அந்தக் காலத்தில் பாதி வீட்டு நைனாக்கள் இப்படித்தான் வீடு திரும்புவார்கள்.

நான் இந்தக் கல்லூரியில் 1973-ல் பி.காம். சேர்ந்தேன். மறுநாளே துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. டிண்டலுக்குத் தெரியும், வின்ச் ஓட்டுகிறவருக்குத் தெரியும், கேன்டீனில் டீ ஆத்துகிறவருக்கும் தெரியும். "எம்புள்ள காலேஜு" என்று நைனா சொல்லாத ஆளில்லை. நானோ, அவர் காக்கி அரை டிராயரோடு இந்தக் கேட் பக்கம் வந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்தேன்.

1976 ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. ரிசல்ட் வந்த அன்று நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். அந்த மூன்று மாசமும் பாதி நாள் மின்ட் பக்கம் மாட்னி ஷோவில் கழிந்தது. வீட்டுக்கு வந்தால் நைனா ரெண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். "இன்னாடா ஆச்சு?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு வாய் வரவில்லை. "பாஸ் நைனா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் நேரே கல்மண்டபம் போய் ரெண்டு கிலோ ஜாங்கிரி வாங்கியிருக்கிறார். கையில் காசு கிடையாது. மேஸ்திரியிடம் கடன். கேங் முழுக்கக் கொடுத்து, டாலி கிளார்க்குக்கும் கொடுத்திருக்கிறார். டாலி கிளார்க் படித்தவர் அல்லவா, "எந்த கிளாஸு?" என்று கேட்டுவிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு நைனா என்னை எழுப்பி, "எந்த கிளாஸ்னு கேக்குறாரு, இன்னா சொல்றது?" என்றார். "செகண்ட் கிளாஸ்" என்றேன். முதல் பொய்க்கு அது வட்டி.

அம்மாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டுமே. அம்மா திட்டவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்து, "ஜாங்கிரி கடன வாரம் அஞ்சு ரூபாயா உங்க நைனா அடைக்கிறாரு. அவரு அடைக்கிறதுக்குள்ள நீ பாஸ் பண்ணிடு" என்றார். நைனாவின் கடன் ஐப்பசியில் அடைந்தது. என் ரிசல்ட் மார்கழியில்தான் வந்தது.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது டைம் ஆபீஸுக்கு வருவோம்.

1978-ல் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அந்த ரோடு அன்றைக்கு எப்படி இருந்தது என்று இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஷிப்டு விடும் நேரத்தில் சுங்கச்சாவடியிலிருந்து சைக்கிள் வெள்ளம்தான். திருவொற்றியூரில் 1946-ல் பிள்ளைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்த கொட்டகை பின்னால் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், எண்ணூரில் அசோக் லேலண்ட், தீப்பெட்டிக்கு விம்கோ. அந்த விம்கோ பேரில் ரயில்வே ஸ்டேஷன் வந்து, 2021-ல் மெட்ரோவும் அதே பேருக்குப் போய் நிற்கிறது. இந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். பேச்செல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பேப்பரில் நம்பர் நம்பராக வரும் நாளில் ஷாப்பில் மிஷின் ஓடும், மனுஷன் ஓடமாட்டான். மத்தியானத்துக்குள் என் மேஜையில் லட்டு, மைசூர்பாகு, ஆரஞ்சு மிட்டாய் என்று குவிந்துவிடும். எனக்கு சர்க்கரை வந்ததற்கு டாக்டர் பரம்பரையைக் காரணம் சொன்னார். நான் அந்த மேஜையைத்தான் சந்தேகப்படுகிறேன்.

பிராவிடண்ட் ஃபண்டில் பணம் எடுப்பதற்கு பாரம் 31 என்று ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் விதி இதுதான்: ஏழு வருஷ மெம்பராக இருந்தால், தன் பங்குப் பணத்தில் வட்டியோடு பாதி வரைக்கும் எடுக்கலாம். கல்யாணத்துக்கும் படிப்புக்கும் ஒரே விதி. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். தம்பி தங்கச்சி கல்யாணத்துக்கு எடுக்கலாம், தம்பி படிப்புக்கு எடுக்க முடியாது. படிப்பு என்றால் சொந்தப் பிள்ளைக்கு மட்டும். தம்பியைப் படிக்கவைத்த அண்ணன்கள் நிறைந்த ஊரில் இப்படி ஒரு விதி! எத்தனை பேர் என் ஜன்னலில் நின்று வாதாடியிருக்கிறார்கள்.

ஒரு ஃபிட்டர். பையனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது என்று ஷாப் முழுக்க லட்டு கொடுத்தார். மூணு வாரம் கழித்து பாரம் 31-ஐ எடுத்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். படிப்புக்கு என்றால் காலேஜ் சர்ட்டிபிகேட் வைக்க வேண்டும். "எங்க அண்ணே சர்ட்டிபிகேட்?" என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சீட்டு வர்ல சார். வரும்னு நெனச்சி மின்னாடியே சொல்ட்டேன். பாலிடெக்னிக்ல போட்ருக்கேன்" என்றார்.

எனக்கு ஜாங்கிரி ஞாபகம் வந்தது. பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்பு எதுவானாலும் விதிக்குப் போதும், டிப்ளமோவும் அதில் அடக்கம். எழுதிக் கொடுத்தேன், பணம் வந்தது. "ஷாப்ல சொல்லிடாதீங்க சார்" என்றார். இன்று வரை சொல்லவில்லை, இங்கேயும் பெயர் சொல்லவில்லை. அந்தப் பையன் டிப்ளமோ முடித்தான். எங்கள் ஷாப்புக்கு அவன் கடைசி வரை இன்ஜினியர்தான்.

இன்னொருத்தரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். லேத் மிஷினில் இருந்தவர். டீ டைமில் பிள்ளைகள் பேச்சு வந்தால் எழுந்து கை கழுவப் போய்விடுவார். "அவருக்குப் புள்ளை இல்லை போல" என்று நினைத்தவர்கள் உண்டு. இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இ.எஸ்.ஐ. அட்டைக்குக் குடும்ப போட்டோ கேட்டு வாங்கிய வகையில் என் மேஜைக்கு வந்துவிட்டதே. (எங்கள் ஆட்களில் பல வீடுகளில் குடும்பத்தோடு எடுத்த ஒரே போட்டோ இ.எஸ்.ஐ.க்காக எடுத்ததுதான். பின்னால் அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியவர்களும் உண்டு.) அந்த போட்டோவில் அவர் மனைவி மடியில் ஒரு பெண் குழந்தை. மூளை வளர்ச்சி குறைவு என்பது பார்த்தாலே தெரியும். ஒன்பது வருஷம் அவர் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை, நானும் கேட்டதில்லை.

நம்ம ஊர் ஆலைகளில் ஆயுத பூஜை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள் கேட்டைத் திறந்துவிடுவார்கள், குடும்பம் உள்ளே வரலாம். எண்ணெய்க் கறையைத் துடைத்து, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை, சுண்டல். பட்டுப் பாவாடை கட்டின பிள்ளைகளைக் கூட்டிவந்து, "இதான் அப்பா மிஷினு" என்று காட்டுவார்கள். ஃபோர்மேன் அன்றைக்கு மட்டும் சிரிப்பார். ஜெனரல் மேனேஜரிடம் தைரியமாகப் போய், "எம்பொண்ணு சார், கணக்குல நூத்துக்கு நூறு" என்று நிறுத்துவார்கள். ஆண்டு விழாவில் முதல் மார்க் எடுத்த பிள்ளைக்கு மட்டும்தான் கம்பெனி பரிசு கொடுக்கும். ஆயுத பூஜையில் அந்தக் கணக்கு கிடையாது, வந்த பிள்ளைக்கெல்லாம் ஒரே பொட்டலம். எனக்கு ஆண்டு விழாவைவிட இதுதான் பிடிக்கும்.

அப்படி ஒரு ஆயுத பூஜைக்கு அந்த லேத்காரர், மனைவியோடு அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார். பதிமூணு பதினாலு வயசு இருக்கும். ரெண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். ஷாப்பே ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தன் மிஷினுக்குக் கூட்டிப்போனார். அந்தப் பெண் குங்குமக் கிண்ணத்தில் கையைவிட்டு, அப்பா மிஷின்மேல் ஒரு பொட்டு வைத்தாள். சிரித்தாள். அடுத்த மிஷினுக்குப் போனாள், அங்கேயும் ஒரு பொட்டு. அதை ஓட்டுகிறவர் கொஞ்சம் முரட்டு ஆள். அவர் குனிந்து, "எனக்கும்மா" என்று நெற்றியைக் காட்டினார். அதன்பிறகு வரிசையே நின்றது. அன்று ஷாப்பில் 22 லேத், 22-க்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறு வேலைநாள் டீ டைமில் அவர் கை கழுவப் போகவில்லை. உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, "எம்பொண்ணு எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சிட்டா, பாத்தீங்களா" என்றார். பத்து நிமிஷ டீ அன்று இருபது நிமிஷம் ஆயிற்று. நான் பஞ்சிங் நேரத்தைக் கண்டுகொள்ளவில்லை. ரிட்டயர் ஆகிவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன்.

காலம் மாறிவிட்டது. 1983-ல் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தபின் நைனாவின் கொக்கி பரண்மேல் ஏறியது. ஆலைகளில் பாதிப் பேர் கான்ட்ராக்ட். இன்று ஒரு ஷாப்பில், நாளை வேறு ஷாப்பில். அவர்களுக்கு "என் மிஷின்" என்று காட்ட எது இருக்கிறது? பிள்ளையின் மார்க் ஷீட்டை செல்போன் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள், பாவம், வேறு எங்கே கொண்டுபோய்க் காட்டுவார்கள். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. 2008-ல் வியாசர்பாடி இளவழகி கேரம் உலக சாம்பியன் ஆனார். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2024 நவம்பரில் நம்ம புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனி, இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கினார். அப்பா ஆட்டோ ஓட்டுநர். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அந்த வாரம் நான் ஏறின ஆட்டோ எல்லாவற்றிலும் அதே பேச்சு. ஒரு டிரைவர், "எம்பொண்ணும் நல்லா ஆடும் சார், மேட்ச்சுக்குத்தான் போவல" என்றார். சவாரி முடிகிறவரை அந்தப் பெண் ஆடுகிற விதத்தையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் இறங்கினேன்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். நைனா 1994-ல் காலமானார். அந்த ஜாங்கிரி விஷயத்தை அவரிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அவர் ரிட்டயர் ஆன அன்று சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று பழைய கேங் ஆட்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "செகண்ட் கிளாஸ் பையன் இவன்தானா?" என்று ஒருத்தர் கேட்டார். நைனா, "ஆமா, இவன்தான்" என்றார். பிறகு எப்படிச் சொல்லுவது? இந்த மைக்கில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

என் பேத்தி இப்போது நம் கல்லூரியில்தான் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். போன மாசம் ரிசல்ட் வந்ததும் நேரே என்னிடம் வந்து, "தாத்தா, ஒரு பேப்பர் அரியர்ஸ்" என்றாள். இதை மேடையில் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன், சொல்லுங்க என்றாள். அது என்ன பேப்பர் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள். வாசலில் ஐந்து கிலோ ஜாங்கிரி வைத்திருக்கிறேன். கல்மண்டபத்தில் வாங்கியது, ரொக்கம் கொடுத்துத்தான். எல்லாரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.