இரண்டாவது சிலிண்டர்

அன்றாடச் சமையலுக்கும் வெளிச்சத்துக்கும் வேண்டிய எரிபொருளை ஒரு குடும்பம் தன் வருவாய்க்குள் வாங்க இயலாத நிலையே எரிபொருள் வறுமை எனப்படுகிறது. குளிர்நாடுகளில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்க முடியாத துன்பமாக வெளிப்படும் அவ்வறுமை, இந்தியாவில் அடுப்படியிலேதான் முதலில் தெரிகிறது. அதைப் போக்க அரசு வகுத்த கொள்கை போதுமானதா என்ற கேள்விக்கு, வழங்கிய இணைப்புகளின் எண்ணிக்கை விடையாகாது என்பதையும், கொடுத்த அடுப்பு ஆண்டில் எத்தனை நாள் எரிகிறது என்பதே அளவுகோல் என்பதையும் இந்த அவை மனத்தில் இருத்த வேண்டும்.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய பிரதமரின் உஜ்வலா திட்டம், ஏழைப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கி, 8 கோடி என்ற இலக்கை 2019 செப்டம்பரிலேயே எட்டியது. இது மறுக்கத்தகாத சாதனை. ஆனால் இணைப்புக்கு அரசு அளித்த 1,600 ரூபாய் வைப்புத்தொகை, ரெகுலேட்டர், குழாய் போன்றவற்றுக்கே சென்றது. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாகப் பெற்ற குடும்பங்களுக்கு, அக்கடன் தீரும்வரை மானியம் பிடித்தம் செய்யப்பட்டது. இருப்பவர்களிலேயே மிக ஏழையான குடும்பம் இரண்டாவது சிலிண்டருக்கு முழு விலை கொடுக்க நேர்ந்ததே இத்திட்டத்தின் மிகப்பெரிய பிழை. முழுச் சமையலையும் எரிவாயுவில் செய்ய ஆண்டுக்கு ஏழெட்டு சிலிண்டராவது தேவைப்படும் நிலையில், உஜ்வலா பயனாளிகள் சராசரியாக 3.21 மட்டுமே வாங்கியதை 2019-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிக்கொணர்ந்தது. அரசின் கணக்குப்படி அச்சராசரி பின்னர் உயர்ந்துள்ளது. எனினும் 2023-24-இலும் அது 4-ஐத் தொடவில்லை.

இந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள அடுக்களையில், காலைத் தேநீருக்கும் விருந்தாளி வந்த வேளைக்கும் மட்டும் கேஸ் பற்றவைக்கப்படுகிறது. சோறும் வெந்நீரும், மாட்டுக்குக் காய்ச்சும் கஞ்சியும் விறகடுப்பிலேயே ஆகின்றன. சீமைக் கருவேல முள்ளை வெட்டிச் சுமந்து வருவதும், ஈரச் சுள்ளியை ஊதுகுழலால் ஊதிக் கண்ணெரிவதும் பெண்ணின் பங்காகவே நீடிக்கின்றன. பாதி நாள் விறகு எரிந்தாலும் நுரையீரலுக்குள் புகும் நுண்துகள் பெரிதும் குறைவதில்லை என்பதால், இணைப்பு பெற்ற வீடும் புகையிலிருந்து விடுபட்ட வீடாகாது.

சமையல் எரிவாயுத் தேவையில் பெரும்பகுதிக்கு இறக்குமதியை நம்பும் நாட்டில், சவுதி அறிவிக்கும் எரிவாயு விலை ஏறினால் உள்நாட்டுச் சுமையும் ஏறுகிறது. 2023 மார்ச்சில் டெல்லியில் 14.2 கிலோ சிலிண்டர் 1,103 ரூபாயானபோது, உஜ்வலா குடும்பத்துக்குக் கிடைத்த மானியம் 200 ரூபாய். அதுவும் முழுத் தொகையைக் கட்டி வாங்கிய பிறகே வங்கிக் கணக்கில் வந்தது. அக்டோபரில் அது 300 ஆனது. அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் முழு விலையையும் மொத்தமாகப் புரட்டுவது எளிதன்று. விறகோ கையிலுள்ள உழைப்புக்கே கிடைத்துவிடுகிறது. எனவே விலையோடு சேர்ந்து ஏறும் மானியமும், அதை வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்ளும் முறையும், 5 கிலோ சிலிண்டர் கிராமத்துக் கடையிலேயே தட்டின்றிக் கிடைக்கும் ஏற்பாடும் தேவை. இவற்றோடு, ஒவ்வொரு ஊராட்சியிலும் உஜ்வலா வீடுகள் அவ்வாண்டில் சராசரியாக வாங்கிய சிலிண்டர் எண்ணிக்கையைக் கிராம சபையில் வாசித்துப் பதிவு செய்ய அரசு ஆணையிட வேண்டும்.