பாலாய்க்குப் போகும் நம் பிள்ளைகள்

(செபராங் ஜெயாவில் நடைபெற்ற பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் போலீஸ் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டும் என்றே நினைக்கிறோம். பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும் நம் பிள்ளையை ரோட் பிளாக்கில் நிறுத்துகிறார்கள். நிறுத்துகிறவரும் நாளை நம் பிள்ளையாக இருக்கலாம்.

மொழி தெரியாத காவலால் என்ன ஆகும் என்பதற்குப் பினாங்கிலேயே பழைய பாடம் உண்டு. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் நடந்த கலவரத்தைச் சீனர் சண்டை என்றே பலரும் நினைக்கிறார்கள். முஸ்லிம்களின் வெள்ளைக்கொடிச் சங்கம் கீ ஹின் பக்கமும், செங்கொடிச் சங்கம் தோ பெ கோங் பக்கமும் நின்று மோதின. அந்தச் சங்கங்களில் நம்மவர்களும் இருந்தார்கள். சீனம் பேசவும் படிக்கவும் தெரிந்த முதல் ஐரோப்பிய அதிகாரியான பிக்கரிங் நீரிணைக் குடியேற்றங்களின் பணிக்கு வந்தது 1872-ல்தான். அதுவரை ஆட்சியாளர்கள் மொழிபெயர்ப்பாளர்களையே நம்பியிருந்தார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். துன் முகமது ஸைதின் அப்துல்லா தலைமையில் 2004-ல் அமைந்த அரச ஆணையம், மறு ஆண்டு 125 பரிந்துரைகளைத் தந்தது. 2007-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்தமும் வந்தது. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினரிடமோ நண்பரிடமோ தகவல் சொல்லலாம், வழக்கறிஞரைக் கலந்து பேசலாம் என்பதை விசாரிக்கும் முன்பே தெரிவிக்க வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு, அது வேறு கதை. நள்ளிரவில் பயந்து நடுங்கும் பதினெட்டு வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி இதைச் சொல்ல வேண்டியவர் ஓர் இளம் கான்ஸ்டபிள். சட்டப்பிரிவை மனப்பாடம் செய்தால் அது வராது. ஒருவர் கைதியாகவும் ஒருவர் காவலராகவும் நடித்து, தப்பும் தவறுமாகப் பேசிப் பழகினால்தான் வரும். மாதக்கணக்கில் கற்றதைப் பாலாயில் ஒரு மூத்த சார்ஜன் ஒரே வாரத்தில் மறக்கடித்துவிடலாம். ஆகவே அவருக்கும் பயிற்சி வேண்டும்.

கேள்வி கேட்பதும் ஒரு கலைதான். பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பு வழக்கில் ஆறு பேர் 16 ஆண்டுகள் சிறையிலிருந்து 1991-ல் விடுதலையானார்கள். அவர்களுக்கு எதிராக நின்றவற்றில் போலீஸ் வாங்கிய வாக்குமூலங்களும் அடக்கம். இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பிறகே, ஒப்புதல் வாங்குவதை விட்டு, சொல்ல வருவதை முழுதாகக் கேட்டுப் பிறகு சரிபார்க்கும் முறையை இங்கிலாந்து தன் காவலர்களுக்குக் கற்றுத்தந்தது.

போலீஸ் வேலைக்குப் போகாதே என்று வீட்டில் சொல்லிவிட்டு, பாலாயில் தமிழ் தெரிந்தவர் இல்லையே என்று குறைப்படுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் மனு போடட்டும். பெண்பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம். மனுவை நிரப்ப உதவி தேவைப்படுவோர் இன்று இரவே சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பயிற்சிக் காவலர்கள் நம் முதியவர்களோடு பேசிப் பழக நம் மண்டபத்தைத் தரலாம் என்ற யோசனையையும் நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறோம்.