மாயா இடிபாடுகளுக்கு பஸ்ஸில் போகலாம்
(குடியிருப்போர் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நாமும் அவ்வப்போது போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு வருகிறோம். அங்கிருந்து மெக்சிகோ பக்கம்தான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் கான்கூன் கடற்கரையில் தங்கி, டூர் பஸ்ஸில் சிச்சென் இட்சாவைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவார்கள். இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். போய் இறங்கும்போது உச்சி வெயில், நல்ல கூட்டம். நான் சொல்லும் வழி வேறு. முதல் நாளே பஸ் பிடித்து வயதோலித் என்ற சிற்றூருக்குப் போய்த் தங்குங்கள். அங்கிருந்து சிச்சென் இட்சா சுமார் 45 கிலோமீட்டர்தான். காலையில் 'கொலெக்டீவோ' என்ற வேன் கிடைக்கும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான், ஆள் சேர்ந்ததும் கிளம்பும். பணத்தை டிரைவர் கையில் கொடுக்க வேண்டும், அதனால் சில்லறை பேசோ வைத்திருங்கள். 8 மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிருங்கள். உள்நாட்டு மக்களுக்குச் சலுகை உள்ள நாள், கூட்டம் அதிகம்.

2023 டிசம்பரில் தொடங்கிய 'த்ரென் மாயா' ரயிலிலும் போகலாம். ஆனால் ரயில் நிலையம் இடிபாட்டு வாசலிலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம், கடிகாரம். கான்கூன் இருப்பது கிந்தானா ரோ மாநிலத்தில். வயதோலித்தும் சிச்சென் இட்சாவும் யுகடான் மாநிலத்தில். கான்கூன் நேரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். வயதோலித்தில் மதியம் 2 மணிக்கு பஸ் ஏறினால், இரண்டரை மணி நேரப் பயணத்துக்குப் பின் கான்கூனில் மணி 4.30 அல்ல, 5.30. திரும்பும் விமானத்தை இதை வைத்துக் கணக்கிடுங்கள்.

அங்கே குகுல்கான் பிரமிடுக்கு நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையையும் சேர்த்தால் 365. மூட்டுவலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், ஏறுவதற்கு யாருக்குமே அனுமதி இல்லை! தொப்பியும் தண்ணீரும் மட்டும் மறக்காதீர்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பஸ்ஸில் போக வேண்டும்? செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. "மாயா இனம் மர்மமாக மறைந்துவிட்டது" என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது உண்மையில்லை. தெற்கில் பல நகரங்கள் கைவிடப்பட்டன, மக்கள் அழியவில்லை. கடைசி மாயா அரசு ஸ்பானியர்களிடம் வீழ்ந்தது 1697-இல்தான். 1562-இல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைத் தீயிலிட்டார். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மாயா ஏடுகள் நான்கே. எரிந்தவை ஏடுகள், பேச்சு மிஞ்சியது. 2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் யுகடெக் மாயா பேசுவோர் ஏழரை லட்சத்துக்கும் மேல்.

அவர்களில் ஒருவர் கொலெக்டீவோவில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கலாம். வேலைக்குப் போகிறவர், சந்தைப் பையோடு வரும் பாட்டி, பள்ளிப் பிள்ளை என்று யாராகவும் இருக்கலாம். டூர் பஸ்ஸில் வழிகாட்டி சொல்லும் கதையில் இவர்கள் இறந்தகாலத்தில் வருவார்கள். வேனில் உங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள்.

வண்டியும் சுமை இழுக்கும் மாடும் இல்லாத காலத்திலேயே, கோபா நகரிலிருந்து யஷூனா வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்குச் சுண்ணாம்புக்கல் சாலை போட்டவர்கள் இவர்களின் முன்னோர். அந்த மொழியில் நலம் விசாரிக்கும் சொல்லே "பீஷ் அ பேல்?" என்பதுதான். நேர்ப் பொருள், "உங்கள் பாதை எப்படி இருக்கிறது?"

பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "மாலோப்", அதாவது நலம், என்று பதில் வரும்.