புழுங்கலரிசி வியாபாரம்: தொடங்குமுன் போடவேண்டிய கணக்கு

(விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது நம் முன்னோர் வாக்கு. கமத்தொழிலின் வருத்தத்தைக் கூறும் பழமொழி அது. கணக்கே பார்க்க வேண்டாம் என்று கூறும் விதியன்று. வியாபாரத்திலோ கணக்குப் பாராதவனுக்கு இலாபம் மட்டுமன்றி முதலும் மிஞ்சாது.

காலபோக அறுவடை முடிந்ததும் எல்லோருடைய நெல்லும் ஒரே வேளையிற் சந்தைக்கு வருகின்றது, விலை இறங்குகின்றது. அப்பொழுது நெல்லை விற்ற நாமே சில மாதங்களின் பின் கடையில் அரிசி வாங்குகின்றோம். ஆகவே, நெல்லை வீட்டிலே அவித்து, ஆலையிற் குற்றுவித்து, அரிசியாக விற்றால் என்ன என்ற எண்ணம் உண்டாவது இயல்பே. எண்ணம் நன்று. ஆயினும், தாலிக்கொடியை அடைவு வைத்து அண்டாவும் தராசும் வாங்குமுன் ஒரு கொப்பியை எடுத்துப் பின்வருவனவற்றை எழுதிப் பாருங்கள்.

1. வாங்குபவர் யார்?

“அரிசி எல்லோரும் வாங்குவார்கள்” என்பது விடையன்று. எந்த வீடு, எந்தக் கடை, எந்தச் சந்தை, கிழமைக்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். அவர்கள் இப்பொழுது எங்கே, என்ன விலைக்கு வாங்குகின்றனர் என்றும் கேட்டறியுங்கள். சிலர் வெள்ளையரிசி விரும்புவர். சிலர் மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசியைத் தேடுவர். அவர்கள் கேட்பதையே நீங்கள் அவித்தல் வேண்டும்.

2. ஒரு கிலோ அரிசியின் அடக்கவிலை என்ன?

உதாரணமாக, 100 கிலோ நெல்லை எடுத்துக்கொள்வோம். இங்கே கூறும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே; உங்கள் ஊர் விலைகளை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

நெல், கிலோ 100 ரூபா வீதம் – 10,000 ரூபா
விறகு – 400 ரூபா
ஆலைக்கூலி – 500 ரூபா
பைகள் – 400 ரூபா
ஏற்றுகூலி – 500 ரூபா
வேலைக்கூலி – 1,200 ரூபா
மொத்தம் – 13,000 ரூபா

உமியும் தவிடும் போக ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே ஒரு கிலோவின் அடக்கவிலை 200 ரூபா. 220 ரூபாவுக்கு விற்றால் மிச்சம் 1,300 ரூபா. 195 ரூபாவுக்கு விற்க நேர்ந்தால் 325 ரூபா நட்டம்.

இங்கே இரண்டு இடங்களில் நம்மவர் தவறுகின்றனர். “நெல் என்னுடையது, அதற்கு ஏன் விலை?” என்பது ஒன்று. அந்நெல்லை வியாபாரிக்கு விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணமே அதன் விலை. “வேலை நானும் மனைவியும் செய்கின்றோம், அதற்கு ஏன் கூலி?” என்பது மற்றொன்று. கூலியைச் சேர்க்காவிடின் 2,500 ரூபா இலாபம்போற் தோன்றும். அதில் 1,200 ரூபா உங்கள் இருவரின் வியர்வை.

விலையை நாமே நினைத்தபடி உயர்த்தவும் இயலாது. அரசாங்கம் காலத்துக்குக் காலம் அரிசிக்கு உச்ச சில்லறை விலை குறிப்பதுண்டு. 2024 டிசெம்பரில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு 230 ரூபா எனக் குறித்தது. அப்படி விலை குறிக்கப்பட்டிருக்கும்போது அதற்கு மேல் விற்றல் குற்றமாகும்.

3. போட்ட முதல் எப்பொழுது திரும்பும்?

அண்டா, படங்கு, தராசு, பை ஒட்டும் கருவி ஆகியவற்றுக்கு 39,000 ரூபா செலவாயிற்று என்க. ஒருமுறை அவித்தால் 1,300 ரூபா மிச்சம். ஆகவே முப்பது முறை அவித்த பின்னரே முதல் திரும்பும். கிழமைக்கு ஒருமுறையெனில் முப்பது கிழமை. 1,950 கிலோ அரிசி. முதலாம் வினாவுக்கு எழுதிய விடையை இப்பொழுது மீண்டும் பாருங்கள். அத்தனை கிலோவுக்கும் ஆளில்லையெனின் அண்டாவை வாங்காதீர்கள். இரவல் வாங்கி அவியுங்கள்.

4. சிறிதாகத் தொடங்குங்கள்.

வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டிய நெல்லை முதலில் ஒதுக்கிவிட்டு, ஒரு மூடையை மட்டும் அவித்துப் பாருங்கள். ஊறும் தண்ணீரை மாற்றாது நெடுநேரம் விட்டால் அரிசி நாறும். உமி வாய்பிளக்கும்வரை ஆவியில் அவித்து, ஈரப்பதன் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒருமுறை நாறிய அரிசி வாங்கியவர் மறுமுறை உங்கள் படலையைத் திறவார்.

5. சட்டப்படி நடவுங்கள்.

வியாபாரப் பெயரைப் பதிவதுபற்றிப் பிரதேச செயலகத்திலும், அனுமதிப்பத்திரம்பற்றிப் பிரதேச சபையிலும் கேளுங்கள். அவிக்குமிடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டி ஆலோசனை பெறுங்கள். தராசு முத்திரையிடப்பட்டதாயிருத்தல் வேண்டும். பையில் அரிசியின் பெயர், நிறை, உங்கள் பெயர், விலாசம், திகதி என்பன தெளிவாய் விளங்கவேண்டும்.

6. வியாபாரப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு.

இரண்டையும் ஒரே முடிச்சில் வையாதீர்கள். கடன் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். 220 ரூபா வீதம் 10 கிலோவைக் கடனாகக் கொடுத்து அது வராமற்போனால் நட்டம் 2,200 ரூபா. அந்தமுறை கிடைத்த மிச்சம் முழுவதும் போனதுடன், முதலிலும் 900 ரூபா குறைந்துவிடும். உறவினரிடம் “இல்லை” என்பது கடினமே. ஆனால் கொப்பியில் எழுதி, அடுத்த பைக்கு முன் பழைய கடனைத் தீர்க்கும்படி கேட்பதில் வெட்கமில்லை.

கையில் ஒரு சிறு தொகையும் ஒதுக்கி வையுங்கள். 2022 ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் அரிசி வீட்டிலிருக்கும். ஏற்றிச்செல்ல வண்டி இராது.

கமக்காரப் பெருமக்களே, இக்கணக்கைப் போட்டபின், “இவ்வருடம் வேண்டாம், நெல்லாகவே விற்போம்” என்று நீங்கள் முடிவு செய்தாலும் அது தோல்வியன்று. அடைவுக்குப் போகவிருந்த நகை வீட்டிலே தங்கியது. கணக்குச் சரியெனக் கண்டால் துணிந்து தொடங்குங்கள். எழுதிய கொப்பியுடன் கமநல சேவை நிலையத்துக்கு வாருங்கள். இருவருமாக அமர்ந்து பார்ப்போம்.