வெயிலுக்கு அசையாத கேக்

2012 முதல் லெகோலேண்ட் நம் ஜொகூரில்தான் இருக்கிறது. பிறந்தநாளுக்குப் பிள்ளை லெகோ கேக் கேட்டால் வியப்பென்ன? சதுரமாக வெட்டிய கேக்கின் மேல் வட்ட சாக்லேட்டுகளை வரிசையாக அடுக்கினால் போதும்.

கேக் எதுவானாலும் சிக்கல் வெயில்தான். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் ஊர் மதியமோ 32-ஐத் தொடும். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் பட்டர் கிரீம் பூக்கள் வழிந்துவிடும். அதற்காகச் சிலர் ஷார்ட்டனிங் கலப்பார்கள். என் ஓட்டு அகார் அகாருக்கு. இறுகிவிட்டால் ஏறக்குறைய 85 டிகிரி வரை அசையாது. கடற்பாசியிலிருந்து வருவது, ஹலாலா, சைவமா என்ற கேள்வியே எழாது. வகுப்புத் தோழர்கள் எல்லோரும் சாப்பிடலாம்.

சங்குப்பூவைக் கொதிக்கவைத்த நீரில் அகார் அகார் காய்ச்சி, கேக்கின் மேல் மெல்லிசாக ஊற்றினால் நீலக் கடல் தயார். அந்தக் கடலுக்கான அகார் அகார் மீன்களைப் பிள்ளையே வெட்டட்டும். வால் கோணினால் கோணட்டுமே!