முள் பாதிக்கு வரவில்லை

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற கணித, அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அளவீடுகள் பாடத்தை வாழ்க்கையோடு இணைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் காரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். என்னோடு அதே காரில் வரும் மூன்று பேர் இங்கேயே உட்கார்ந்திருப்பதால், கூட்டியோ குறைத்தோ சொல்ல வழியில்லை.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் பள்ளிக்கு ஒரு வழிக்கு 28 கிலோமீட்டர். நான்கு ஆசிரியர்கள் என் சிறிய பெட்ரோல் காரில் சேர்ந்து போய்வருகிறோம். வண்டி பழையது, இரண்டாவது கையாக வாங்கியது. மாதக் கடைசியில் பெட்ரோல் செலவைக் கூட்டி, என் சொந்த ஓட்டத்துக்கு ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தை நான்காகப் பிரிப்போம். தலைக்கு 1,850 ரூபாய்க்குள் அடங்கிவிடும். சென்ற கல்வியாண்டு தொடங்கி இரண்டு மூன்று மாதங்களில் அந்தப் பங்கு 2,400ஐத் தொட்டது.

ஒருநாள் திரும்பி வரும்போது எங்கள் கணித ஆசிரியை கேட்டார்: "சார், ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது தூரமாப் போனீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வண்டிக்குள் யாரும் அதன்பிறகு பேசவில்லை. பதினோரு வருடப் பழக்கம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 550 ரூபாய்க்காக என்னைப் பற்றி அப்படி நினைத்துவிட்டார்களே என்று மனம் சுற்றிச் சுற்றி அதிலேயே நின்றது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். என் மேல் விழுந்த சந்தேகத்தை எடுத்து அடுத்தவன் தலையில் வைத்தேன். நான் பெட்ரோல் போடும் பங்க்கில் வேலை பார்க்கும் தம்பி என் பழைய மாணவன். பத்தாம் வகுப்போடு நின்றவன். அளவில் கை வைக்கிறானோ என்று தோன்றியது. வாயால் கேட்கவில்லை. ஆனால் அவன் பெட்ரோல் போடும்போது இறங்கி நின்று மீட்டரையே முறைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை அவனாகவே உள்ளே போய் ஐந்து லிட்டர் அளவுக் கேனை எடுத்துவந்தான்.

இதை எல்லா ஆசிரியர்களும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு. அதாவது அரை விழுக்காடு. தம்பி சமதரையில் கேனை வைத்து ஐந்து லிட்டர் பிடித்தான். கோட்டில் சரியாக நின்றது. நான் நின்றபடியே பார்க்க, "குனிஞ்சு கண்ணு மட்டத்துல பாருங்க சார், நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்றான். இடமாறு தோற்றப் பிழையை ஆறாம் வகுப்பில் அவனுக்கு நடத்தியவன் நான்தான்.

குறைந்திருப்பது எவ்வளவு என்றே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. முன்பு 17 கொடுத்தது, இப்போது 13தான் கொடுக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். 17 என்பது எங்கிருந்து வந்தது? ஞாபகத்திலிருந்து. 13? ஒரு தடவை 500 ரூபாய்க்குப் போட்டுவிட்டு முள் இறங்கும் வரை ஓட்டிப் பார்த்த கணக்கு. பிள்ளைகள் இப்படி ஒரு விடை எழுதினால் நாம் மதிப்பெண் போடுவோமா?

அதற்கு முன்பே 3,400 ரூபாய் செலவழித்திருந்தேன். காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், பெட்ரோலில் ஊற்றும் ஒரு மருந்து பாட்டில், மூன்றும் ஒரே நாளில். எதனாலாவது பலன் வந்திருந்தால்கூட எதனால் என்று சொல்ல முடிந்திருக்காது. பலனும் வரவில்லை. காற்று வடிகட்டி அடைத்தால் மைலேஜ் போகும் என்பது கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டிகளில் காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை அது விடாமல் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் இதைச் சோதித்து, அடைத்த வடிகட்டியால் இழுவைதான் குறைகிறது, எரிபொருள் செலவு சொல்லும்படி மாறுவதில்லை என்று காட்டியது. வடிகட்டியை மாற்றத்தான் வேண்டும், இயந்திரத்துக்குள் தூசி போகாமல் இருப்பதற்காக.

பிறகு 40 பக்க நோட்டு ஒன்றை வண்டியில் வைத்தோம். கணித ஆசிரியைதான் கோடு போட்டார்: தேதி, ஓடிய தூரம், போட்ட லிட்டர், குறிப்பு. அளக்கும் முறை எளிது. நாசில் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்ப வேண்டும், அதற்குமேல் ஒரு சொட்டும் கூடாது. கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். ஓட்டிவிட்டு அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்ப வேண்டும். இப்போது உள்ளே போன லிட்டர்தான் நாம் செலவழித்தது. தூரத்தை அதனால் வகுத்தால் மைலேஜ்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாசில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது. அரை லிட்டர் முன்பின் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டரில் அரை லிட்டர் பிழை என்றால் ஐந்து விழுக்காடு. முப்பது லிட்டரில் அது இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே குறைந்தது 400 கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் கணக்குப் பார்க்க வேண்டும். விழுக்காட்டுப் பிழையை நான் வருடக்கணக்காக நடத்துகிறேன், அதன் பயன் என் பாக்கெட்டைத் தொட்டது அன்றுதான். மூன்று நிரப்பலில் 13.1, 12.8, 13.2 வந்தன. நோய் உண்மைதான்.

பழைய 17? அதையும் ஆசிரியைதான் தோண்டி எடுத்தார். வண்டியின் இரண்டு சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் எழுதியிருந்தது. இடையில் 4,896 கிலோமீட்டர். அந்த நாள்களில் பங்க்குக்கு நான் அனுப்பிய பணமெல்லாம் கைப்பேசியில் அப்படியே இருந்தது. இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம். அன்றைய விலையால் வகுத்தால் 288 லிட்டர். 4,896ஐ 288ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 17. அடுத்து மாதவாரியாகப் பணத்தைப் பள்ளி வேலைநாள்களால் வகுத்தார். ஏப்ரல் வரை ஒரே மட்டம். ஜூனில் திடீரென ஏறி, அதே உயரத்தில் நின்றுவிட்டது. மெல்ல மெல்லத் தேய்ந்த கோளாறு என்றால் கோடு சரிவாக ஏறியிருக்கும். இது படிக்கட்டு மாதிரி நின்றது. மே மாதத்தில் என்னவோ நடந்திருக்கிறது.

எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வெட்கம்.

ஒன்றை மாற்றினால் ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று முடிவு செய்தோம். முதலில் டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் 33 பிஎஸ்ஐ என்று இருந்தது. வண்டி ஓடாமல் ஆறியிருந்த காலையில் அளந்தால் 24, 25, 26, 22. நான்கிலும் குறை. இதுதான் காரணம் என்று துள்ளினேன். சராசரி அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. எட்டு ஒன்பது பிஎஸ்ஐக்கு இரண்டு விழுக்காடு கூட வராது. நமக்குத் தொலைந்திருப்பதோ கிட்டத்தட்ட 24 விழுக்காடு. காற்றடித்து ஓட்டினோம், 13.4. காற்று குறைந்த டயர் சூடாகி வெடிக்கும், அந்தப் பயத்துக்காகவே மாதம் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து பிரேக். பிடித்த பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஓடுவது போல. பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட வேண்டும். தொடக்கூடாது, தோல் வெந்துவிடும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அதுதான் குற்றவாளி. எங்களுக்கு நான்கும் ஒரே மாதிரி.

வேகம் எங்கள் சாலையில் பிரச்சினையே இல்லை, அறுபதைத் தாண்ட விடாது. நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் மட்டும் கேளுங்கள்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும். 80இலிருந்து 100க்குப் போனால் எதிர்ப்பு 56 விழுக்காடு அதிகம்.

டிசம்பர் வந்தது. எங்கள் பக்கத்துப் பனி உங்களுக்குத் தெரியும். 13.4 இருந்தது 12.6க்கு இறங்கியது. குளிர் வந்தால் ஏன் இறங்க வேண்டும்? அந்த வாரம் நோட்டின் குறிப்புப் பகுதியில் ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார்: 'பள்ளி வந்துவிட்டது. முள் பாதிக்கு வரவில்லை.' அவர் உட்காருவது முன்சீட்டில். இயந்திரத்தின் வெப்பத்தைக் காட்டும் முள் வழக்கமாகப் பாதியில் நிற்கும். 28 கிலோமீட்டர் ஓடியும் அது கால் பாகத்திலேயே கிடந்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். சூடாகவில்லை, நல்லதுதானே என்று நினைத்திருக்கிறேன்.

அப்போதுதான் மே மாதம் நினைவுக்கு வந்தது. விடுமுறையில் சேலம் போகும்போது தொப்பூர்க் கணவாயில் வண்டி கொதித்து நின்றது. ரேடியேட்டர் ஒழுகியதை அடைத்த மெக்கானிக், கையோடு தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார்" என்றார். நானும் தலையாட்டினேன். அறிவியல் ஆசிரியர்!

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சிறிய வால்வு. உள்ளே மெழுகு இருக்கிறது. இயந்திரத்தின் நீர் ஏறத்தாழ 80 டிகிரியைத் தாண்டும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை நீரை ரேடியேட்டருக்கு விடாது, இயந்திரம் சீக்கிரம் சூடேறும். அதைக் கழற்றிவிட்டால் வண்டி கிளம்பிய நொடியிலிருந்தே நீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த இயந்திரத்தில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, மழைக்காலத்துத் துணி காயாத மாதிரி. அதை ஈடுகட்டக் கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். எண்ணெயும் தடித்தே இருக்கும், உராய்வு கூடும். வண்டி ஒவ்வொரு நாளும் 28 கிலோமீட்டரையும் 'இப்போதுதான் கிளம்பினோம்' என்று நினைத்தே ஓடியிருக்கிறது.

சந்தேகத்தை மட்டும் நம்பவில்லை. ஸ்கேனர் வைத்திருக்கும் வேறொரு பட்டறையில், ஓட்டம் முடிந்த கையோடு மாட்டிப் பார்த்தோம். நீரின் வெப்பநிலை 64 டிகிரி. தெர்மோஸ்டாட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். மறுநாள் அதே சாலை, அதே பனி, 88 டிகிரி. அடுத்த மூன்று நிரப்பலில் 16.0, 16.3, 16.2.

மிச்சம் 0.8ஐ எதன் கணக்கில் எழுதுவது என்பதில் எனக்கும் ஆசிரியைக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. அவர் எத்தனால் என்கிறார். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல், எத்தனாலில் சுமார் 21. பத்து விழுக்காடு கலப்பிலிருந்து இருபதுக்குப் போனால் லிட்டருக்கு மூன்றரை விழுக்காடு ஆற்றல் குறையும். பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை இழப்பு வரலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையும் சொல்கிறது. நான் கிளட்ச் தேய்மானத்தைச் சொல்கிறேன். என் கட்சி பலவீனமானதுதான், ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஜனவரிக் கணக்கில் தலைக்கு 1,930 வந்தது. என் சொந்த ஓட்டத்தையும் இப்போது குத்துமதிப்பாகக் கழிப்பதில்லை, அதுவும் நோட்டில் ஏறுகிறது. ஆசிரியை அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்க்கில் தம்பியிடம் மட்டும் சொல்லிவிட்டேன்: "உன்னைச் சந்தேகப்பட்டேன்ப்பா." "தெரியும் சார், அதனாலதான் கேனை எடுத்தேன்" என்றான். பெட்ரோல் போட்டுக்கொண்டேதான் சொன்னான், நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குமேல் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இந்த நோட்டைக் கொடுத்து வரைபடம் வரையச் சொன்னேன். படிக்கட்டு எந்த மாதத்தில் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. இப்போது சிலர் வீட்டு மொபெட்டுக்கும் நோட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் புரட்டிப் பாருங்கள். நான்காம் பக்கத்தில் என் கூட்டல் பிழை ஒன்றை ஆசிரியை சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார், அதை மட்டும் யாரும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம்.