பழைய மாணவர் கடன்



பட்டம் பெற்று வெளியேறும் மாணவன், தனக்கும் தான் பயின்ற பல்கலைக் கழகத்துக்கும் இனிக் கணக்கு எதுவும் இல்லை என்று எண்ணுவது இயல்பு. கேட்ட சம்பளத்தைக் கட்டினோம், கற்றோம், பட்டம் பெற்றோம் என்பது அவன் கருத்து. ஆயினும், பெரும்பாலான பல்கலைக் கழகங்களில் மாணவன் கட்டும் சம்பளம், அவனுக்காக ஆகும் செலவு முழுவதற்கும் ஈடாவதில்லை. எஞ்சியதை அரசாங்கமோ, அவன் முகம் அறியாத கொடையாளரோ ஏற்றிருப்பர். அந்தப் பாக்கியைத் தீர்க்க அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் சில கண்டிருக்கும் வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1890ஆம் ஆண்டில் யேல் பல்கலைக் கழகத்தின் பழைய மாணவர்கள் ஒரு நிதியைத் தொடங்கினார்கள். செல்வர் ஒருவர் எப்போதோ தரும் பெருங்கொடைக்காகக் காத்திராமல், பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தம்மால் இயன்றதைத் தருவது என்பதே அதன் ஏற்பாடு. இதன் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 100 டாலரை 5 விழுக்காடு வட்டிக்கு விட்டால் ஆண்டுக்கு 5 டாலர் வரும். ஆகவே, ஆண்டுதோறும் தவறாமல் 5 டாலர் அனுப்பும் ஓர் எளிய ஆசிரியர், 100 டாலர் மூலதனம் அளித்தவருக்கு ஒப்பாகிறார்.

மற்றொரு வகைக் கொடை, முதல் அழியாமல் வைக்கப்படும் நிதி. இதனைத் தக்க முறையில் முதலீடு செய்து, ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காட்டை மட்டும் செலவிடுவது அந்நாட்டு வழக்கம். அதற்கு மேற்பட்ட வருவாய் மூலதனத்தோடு சேர்க்கப்படும். விலைவாசி ஏறினாலும் உபகாரச் சம்பளத்தின் மதிப்புக் குன்றாதிருக்க இதுவே காப்பு. கொடுத்தவர் மறைந்த பின்னும், அவர் பெயரால் ஆண்டுதோறும் ஒரு மாணவன் படித்துக்கொண்டிருப்பான்.

இத்தகைய நிதியின் வலிமையைப் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் 2001ஆம் ஆண்டில் காட்டியது. அதுகாறும் உதவி பெற்ற மாணவர் பலருக்கு, அவ்வுதவியில் ஒரு பகுதி கடனாக இருந்தது. அக்கடனை நீக்கி, அதற்கு ஈடாகத் திருப்பித் தரவேண்டாத மானியத்தை வழங்க அப்பல்கலைக் கழகம் முற்பட்டது. பல தலைமுறைப் பழைய மாணவர்களின் கொடையால் வளர்ந்த நிதி இதற்குத் துணை நின்றது. கடன்பட்டுப் படித்தவன் பட்டம் பெற்ற மறுநாளே தவணையை எண்ணத் தொடங்குகிறான். ஆசிரியப் பணியை விரும்பினாலும், அதிகச் சம்பளம் தரும் வேலையையே தேட வேண்டியவனாகிறான். மானியம் பெற்றவனுக்கு இந்தத் தளை இல்லை.

இனி ஒரு தனி மனிதரின் கொடையைக் காண்போம். நியூயார்க் நகர மேயராக 2002 முதல் 2013 வரை பணியாற்றிய மைக்கேல் புளூம்பெர்க், ஒரு கணக்கரின் மகன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் கடன் பெற்றும் வேலை பார்த்தும் படித்து, 1964ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அப்பல்கலைக் கழகத்துக்கு அவர் அளித்த முதல் நன்கொடை 5 டாலர். 2018ஆம் ஆண்டில் அவர் அறிவித்ததோ 180 கோடி டாலர். அது கட்டடத்துக்கன்று, மாணவர் உதவிக்கே உரியது. அதன் பயனாக, விண்ணப்பிக்கும் மாணவனின் பொருள்நிலையைப் பாராமல் தகுதி ஒன்றையே கண்டு சேர்க்கும் முறை அங்கே நிலைபெற்றது. இது சிறு மாறுதல் அன்று. நிதி இல்லாத கல்லூரி, சமத் தகுதியுள்ள இருவரில் கட்டணம் செலுத்த வல்லவனையே தேர்ந்தெடுக்கத் தூண்டப்படும். ஏழை மாணவன் உள்ளே வந்து துன்புறுவதற்கு முன்பே, வாயிலிலேயே விலக்கப்படுகிறான்.

இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயமே. செல்வர் பலரை உருவாக்கிய பல்கலைக் கழகத்துக்குத்தானே பெருங்கொடைகள் சேரும்? ஏழைப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் சிறு கல்லூரியின் பழைய மாணவர்கள் ஆசிரியர்களாகவும் எழுத்தர்களாகவும் இருந்தால், அதற்கு யார் கொடுப்பார்? இக்குறை மெய்யானது, பழைய மாணவர் கொடையால் மட்டும் அது நீங்கிவிடாது. அரசாங்கத்தின் உதவி அங்கே இன்றியமையாதது. எனினும், நாம் பட்ட கடனை அதே வாயிலில்தான் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. செல்வம் மிக்க கல்வி நிலையத்தில் பிறர் பொருளால் படித்து உயர்ந்தவர், தம் கொடையில் ஒரு பங்கை, செல்வரான பழைய மாணவர் இல்லாத ஒரு கல்லூரிக்கு அனுப்பினால், பொருள் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும்.

நேயர்களில் பலர் ஏதேனும் ஒரு கல்லூரியின் பழைய மாணவராக இருப்பீர்கள். முதற் சம்பளம் வாங்கிய ஆண்டிலேயே ஒரு சிறு தொகையை அனுப்பத் தொடங்குங்கள். அத்தொகை மாணவர் உதவிக்கே உரியது என்று உடன் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி, உங்கள் பணம் சேர வேண்டிய இடத்தில் சேர்வதற்குத் துணைசெய்யும்.